ஏமாத்துப் பள்ளம்

பூங்காவின் வழிகாட்டி பள்ளத்தில் விழுந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. "பாத்து வாங்க, இங்க கண்ணுக்கே தெரியாத பள்ளம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, வந்தவர்களின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து, வாக்கியம் முடிந்த கையோடு அவனே அதற்குள் போய்ச் சேர்ந்தான்.

தோட்டக்காரர்கள் அதை ஏமாத்துப் பள்ளம் என்பார்கள். அரண்மனையிலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே மூச்சில் தூரத்து மேய்ச்சல் நிலம் வரை ஓடும். ஆடுகள் மேய்ந்துகொண்டே மாடிப்படி ஏறிவிடும் போலிருக்கும். ஏறாது. இந்தப் பக்கம் செங்குத்தான கல்சுவர், அந்தப் பக்கம் புல் மூடிய சரிவு. வேலி போட்டால் பார்வை தடைபடும் என்று பூங்காவை வடிவமைத்தவர் வேலியையே மண்ணுக்குள் இறக்கியிருந்தார். அன்றிலிருந்து ஓர் ஆடுகூட அதில் விழுந்ததில்லை.

மேலிருந்து ஒரு பெண் குரல்: "அடேயப்பா. இவ்வளவு நேரம் இவருக்குப் பின்னாடி இவ்வளவு அழகான காட்சியா இருந்துச்சு?"

அப்புறம்தான் இன்னொருவருக்குத் தோன்றியது. "சார், உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். உங்க வலது கைப் பக்கம் தெரியறதுதான் ஏரி" என்றான் அடியிலிருந்து.

ஏணியோடு வந்தவர் அவன் மனைவியின் அண்ணன். பூங்கா முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவரைக் கண்டதும் கணுக்கால் வலியைவிட, தன்னை வேறு வேலைக்கு மாற்றிவிடுவாரோ என்ற கவலை முந்திக்கொண்டது. நுழைவுச்சீட்டு ஜன்னலில் இருந்தவர் வேலையை விட்டுப் போகிறாராம். "வானொலியைப் பெட்டிக்குள்ள வைக்கிறதுதானே முறை" என்று தோட்டக்காரர்கள் ஓயாமல் பேசும் அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கிண்டலடித்தார்கள். மரமும் நீரும் தெரியாத அந்தக் கூண்டில் உட்கார்வதை நினைத்தாலே அவனுக்கு மூச்சு முட்டியது.

பேட்டரி வண்டியில் ஏறியதும் கேட்டுவிட்டான். "மச்சான், என்னை ஜன்னலுக்கு மாத்தப் போறீங்களா?"

"காலை நீட்டி வை மாப்ளே. வீங்கியிருக்கு."

வண்டி ஏரிக்கரையில் ஊர்ந்தது. அந்த ஏரிக்கு அவன் வாழ்நாளெல்லாம் அடிமை. முன்பு அங்கே ஒரு வாய்க்காலும், அளவுகோல் வைத்து வெட்டிய பூப்பாத்திகளும், சுற்றிலும் மதிலும்தான் இருந்தன. வடிவமைத்தவர் மதிலை இடித்தார், வாய்க்காலை அணைகட்டி நிறுத்தினார், தோண்டிய மண்ணைக் குன்றாகக் குவித்தார். ஏரியின் இரண்டு முனைகளையும் மரக்கூட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்ததால், எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் ஆறு என்றே எல்லோரும் நம்பினார்கள். அவர் நட்டபோது அந்த மரங்கள் முழங்கால் உயரம். இன்று தெரிகிற இந்த நிழலை அவர் மனத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார். இதையெல்லாம் சொல்லும்போது அவனுக்கே புல்லரிக்கும். அதனால்தான் நிறுத்த முடிவதில்லை.

"மச்சான், மறைக்காம சொல்லுங்க. ஜன்னலா?"

"அந்தக் கிளையைப் பாரு, தண்ணிய தொட்டுடுச்சு. கொஞ்சம் தூக்கி விடணும்."

"கிளைக்குச் சொல்ற பதிலை எனக்குச் சொல்லக் கூடாதா?"

"என் தங்கச்சி உன்னை வீட்டுல எப்படித்தான் சமாளிக்கிறாளோ."

பாதை மரங்களுக்குள் நுழைந்து இருண்டது. இந்த இடம் அவனுக்கு அத்துப்படி. இங்கே வந்ததும் திரும்பி நின்று, "இப்ப ஒரு அதிசயம் பாக்கப் போறீங்க" என்று கையை விரிப்பான். வண்டி வளைவில் திரும்பி நின்றது. மரங்கள் விலகின. அரண்மனை தண்ணீரில் தலைகீழாகவும், கரையில் நேராகவும், எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்து நின்றது.

விரிக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த இடத்தில் அவன் முதுகுதான் அரண்மனையைப் பார்த்திருக்கிறது.

மச்சான் அவசரப்படவில்லை. ஒரு நாரை ஏரியைக் கடந்து போகும்வரை காத்திருந்தார்.

"மச்சான்" என்றான் கடைசியில், குரல் இறங்கி. "ஜன்னலா?"

"இல்ல மாப்ளே. அதுக்கு வேற ஆள் போட்டாச்சு. உன்னை மாதிரி இந்த இடத்தைப் பத்திப் பேச இங்க ஆள் கிடையாது. ஆனா இந்த வளைவு வர்றதுக்கு முன்னாடி பேச்சை நிறுத்திட்டு, ஜனங்களுக்குப் பின்னாடி போய் நில்லு. நீ மறைச்சுக்கிட்டு நிக்கிற."