வலது பக்கக் கண்ணாடி

1

இடுப்பு வலிக்கிறது. உட்கார்ந்தால் வலது பக்கம், நின்றால் இரண்டு பக்கமும். உறைந்த சூரை மீனைக் கொக்கி போட்டு இழுத்தே இளமையைத் தீர்த்த இடுப்பு. அதனால் இந்தக் கதையைத் துண்டு துண்டாகத்தான் எழுத முடிகிறது. கொஞ்சம் எழுதுவேன், தரையில் மல்லாந்து படுப்பேன், எழுந்து மறுபடி எழுதுவேன். எண் போட்டுப் பிரித்திருப்பதை ஏதோ உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணும் நான் படுத்து எழுந்த இடம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து வந்தது. என் சிநேகிதன் ஷிரதோரி கன்ஜி என்னிடம் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. நசுக்கிய பட்டாணி அளவுதான் இருக்கும். பிளாஸ்டிக், மேலே வெள்ளி முலாம். பெட்டியில் பாகங்களாக வாங்கி ஒட்டிச் செய்யும், பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய பந்தயக் காரின் வலது பக்கக் கண்ணாடி.

இதற்கு ஒரு கதையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "ஷிமிசு துறைமுகத்தின் மேல் விடியல் மெல்லச் சிவந்தபோது, கன்ஜியின் விரல்கள்"

(இதோடு நிறுத்தினேன். விடியற்காலையில் நாங்கள் மீன் இறக்கிக்கொண்டிருப்போம். வானம் எந்த நிறத்தில் இருந்தது என்று எவனும் பார்த்ததில்லை.)

இரண்டாவது: "1960களில் நம் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் ஓடிய அந்த வெள்ளைக் கார், மூக்கில் சிவப்பு வட்டத்துடன், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் அலற"

(இது பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது. கிட்டத்தட்ட அப்படியே எடுத்துவிட்டேன்.)

மூன்றாவது: "கன்ஜிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது."

இது நிற்கும். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வரட்டும்.

3

கன்ஜிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் கிண்ணத்தில் தெரிந்தது. பிறகு காரின் மேல் எண் ஸ்டிக்கர் ஒட்டும்போது. அப்புறம் பிளக் வயர். எஞ்சினில் ஊசித்துளை போட்டு, தலைமயிரை விடக் கொஞ்சமே தடித்த வயரை ஒவ்வொரு துளைக்குள்ளும் நுழைக்க வேண்டும். முதல் துளையிலேயே வயர் நாலு பக்கமும் குத்திக்கொண்டு நின்றது.

அவனுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போய்ச் சேர்ந்தார். தனக்கும் அதேதான் என்று கன்ஜி முடிவு கட்டிவிட்டான்.

அவன் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலின் அடிவயிற்றில், ஊர்ந்து மட்டுமே போகக்கூடிய இரும்பு அறைகளுக்குள் வேலை. காற்றுக் குழாய் உள்ளே வராமல், வெளியே ஒரு ஆள் காவல் நிற்காமல் தலையை நுழைக்க மாட்டான். முகமூடி போடாமல் எவனாவது நுழைந்தால் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவான். அப்படிப்பட்ட ஆள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.*

எங்கள் பக்கத்தில் மீன், தேயிலை, ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மை, இந்த மூன்றும் நுழையாத வீடு கிடையாது. கன்ஜி வீட்டில் மூன்றாவது கொஞ்சம் அதிகமாகவே நுழைந்துவிட்டது. வெள்ளைக் கார் என்றால் தூசுதான் எதிரி. பளபளப்புப் பெயிண்ட் காய்வதற்குள் ஒரு துளி தூசு விழுந்தாலும் கொசு உட்கார்ந்தது போலத் தெரியும். அதற்கு, இப்படிக் கார் செய்யும் எங்கள் சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது: குளியலறை. வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பரவ விட்டால் காற்றிலிருக்கும் தூசு படிந்துவிடும். பிறகு துணியிலிருந்து நூல் பறக்காதபடி வெறும் ஜட்டியோடு உள்ளே போய், கதவைச் சாத்தி, பெயிண்ட் பீச்ச வேண்டும்.

கன்ஜி இதில் இன்னும் ஒரு படி மேலே போனான். எக்ஸாஸ்ட் ஃபேன் தூசை இழுக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டான். பீச்சி முடித்ததும் வெளியே வருவானா என்றால் அதுவும் இல்லை. கதவு திறந்தால் காற்று அசையும் என்று, பெயிண்ட் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை கார் பக்கத்திலேயே குந்தியிருப்பான்.

"யோவ், உள்ள உசுரோட இருக்கியா?" இது அவன் மனைவி சுமியே.

"கதவத் தொறக்காத! தூசு!"

"நா குளிக்கணும்யா."

"தெரு முனையில பொதுக் குளியலறை இருக்குல்ல, அங்க போ."

"காரு வீட்டுல குளிக்குது, பொண்டாட்டி தெருவுல போய்க் குளிக்கணும். கேட்டுக்கோங்க மகிதா-சான், உங்க சிநேகிதன் லட்சணத்த."

மகிதா என்பது நான். அன்றைக்கு நான் கூடத்தில் உட்கார்ந்து அவள் வைத்த மாண்டரின் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். அதிலும் லேசாகப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசம் அடித்தது. பாத்திரம் உலர்த்தும் மிஷினிலிருந்து கிண்ணங்களை வெளியே எடுத்துவிட்டு, பெயிண்ட் காயக் காரின் பாகங்களை உள்ளே அடுக்கி வைத்திருந்தான் கன்ஜி.

* பின்னால் தேவைப்படும் என்று முன்பே சொல்வது கதைக்கு நல்லதல்ல என்பார்கள். வெடி எங்கே வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வெடிக்கவிடுவதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

4

கை நடுக்கத்தைக் காட்ட கன்ஜி மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம்.

"நாளைக்கு அந்த டாக்டரம்மா என்ன சொல்லப்போறாங்களோ," என்றான் கன்ஜி. "அதுக்குள்ள கண்ணாடி ரெண்டையும் வெச்சுடுறேன்டா. வயரு இல்லாட்டியும் காரு காராட்டம் தெரியும்."

இடது கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. வலது கண்ணாடியை இடுக்கியில் எடுத்தான். கை ஒரு உதறு உதறியது. 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி போய்விட்டது.

இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். உடனே யாரும் அசையக் கூடாது. நாங்கள் மூன்று பேரும் சிலை மாதிரி நின்றோம். பிறகு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டி நிழல் தேடினோம். சுமியே தன் நைலான் காலுறையை வேக்குவம் கிளீனர் வாயில் மாட்டி, அறை முழுக்க உறிஞ்சிப் பார்த்தாள். காலுறையில் கிடைத்தவை: ஒரு ஸ்குரூ, ஒரு பட்டன், எப்போதோ தொலைந்த வேறு காரின் ஸ்டீயரிங்.

கண்ணாடி இல்லை. அந்தப் பெட்டியைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. தனிப் பாகம் எங்கும் கிடைக்காது.

கன்ஜி தரையில் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. அவன் திட்டாமலிருந்து நான் பார்த்ததே இல்லை.

நான் வீட்டுக்குப் போனேன். என் அலமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்குக் கீழே, அதே பெட்டி இருந்தது. அவனும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியது. அவன் செய்ய ஆரம்பித்தான். நான் பிரிக்கவே இல்லை. இடுப்பு சரியானதும் செய்யலாம், வேலையிலிருந்து நின்றதும் செய்யலாம் என்று போர்வைக்குள் தள்ளிவிட்டேன். பிரிக்காத பெட்டிக்குள் இருக்கும் காரில் ஒரு தப்பும் இருக்காது. அதன் சுகமே அதுதான்.

பெட்டிக்குள் பாகங்கள் இருந்த பிளாஸ்டிக் பையைக் கத்தியால் கீறினேன். மூடியிருந்த அத்தனை வருடக் காற்றும் ஒரு மூச்சாக வெளியே வந்தது.

(இந்த வாக்கியம் கொஞ்சம் அலங்காரம். ஆனால் நிஜமாகவே ஒரு வாசம் வந்தது. வைத்திருக்கிறேன்.)

5

நான் கொண்டுபோன கண்ணாடியைப் பார்த்ததும் கன்ஜிக்கு எல்லாம் புரிந்தது.

"பைய அறுத்துட்டியாடா?"

"அறுத்துட்டேன்."

"மடையா."

"ஒட்டுடா, பேசாம."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நடுக்கம் கொஞ்சம் தணியும் நேரத்துக்காகக் காத்திருந்து, ஒரு கணத்தில் வைத்தான். கண்ணாடி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. ஓட்டுநர் அதில் பார்த்தால் பின்னால் வரும் கார் தெரியாது, வானம்தான் தெரியும்.

"கடன்டா மகிதா," என்றான். "திருப்பித் தந்துடுவேன்."

எப்படித் தருவான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு மருத்துவமனைக்குப் போகிறவனிடம் அதைக் கேட்க முடியுமா?

6

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். முடிவை எழுத வேண்டும்.

முடிவு அ: நோய் உறுதியாகிறது. கார் பாதியில் நிற்கிறது. சுமியே அதன் மேல் படியும் தூசைத் துடைக்கிறாள். (தூசு! எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது.)

யதார்த்தமாக எழுதுகிறவர்கள் என்று பெயர் வாங்கிய எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆளைக் கொன்றுவிட்டால் கதை உண்மையாகிவிடும் என்று நம்புவோம். நான் வளர்ந்த இடத்தில் விரல் நசுங்குவதும் முதுகு ஒடிவதும் நிறைய நடந்தன. அதை யாரும் முடிவு என்று சொல்லவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்தார்கள். துன்பத்தை எழுத எனக்குக் கை பழகியிருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுவதை எழுதத்தான் வரவில்லை. எழுதினால் பொய் போல இருக்கிறது.

இதுவரை எழுதியதைச் சுமியேயிடம் படிக்கக் கொடுத்தேன். "பொறுமையே உருவான சுமியே" என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன்.

"யாரு இது, பொறுமையே உருவானவ?"

"நீங்கதான்."

"குளிக்க விடாத மனுசன்கிட்ட எவளுக்குப் பொறுமை இருக்கும்? அடிச்சிடுங்க. அப்புறம் அந்த ஆஸ்பத்திரி விசயத்த அவரு சொன்ன மாதிரி எழுதிடாதீங்க. அவரு சொல்றது பொய்."

அடித்துவிட்டேன்.

7

மருத்துவமனை அறைக்குள் நான் இல்லை. கீழே என் சின்ன லாரியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததற்கு இரண்டு சாட்சிகள். கன்ஜி சொல்வது: டாக்டர் கேட்டார், நான் யோசித்து உள்ளதைச் சொன்னேன். சுமியே சொல்வது பின்வருமாறு.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தலையைப் படம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் தென்படவில்லை. "வேலை செஞ்ச இடத்துல தின்னர் மாதிரி எதாச்சும் புழங்கினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பாதுகாப்புல நான் ரொம்பக் கண்டிப்பு. பட்டறையில கேட்டுப் பாருங்க."

"வீட்டுல?"

"வீட்டுல என்னங்க இருக்கு? சும்மா பொம்மக் காரு."

"டாக்டரம்மா," என்றாள் சுமியே. "குளியலறையில ஜட்டியோட உட்காந்து என்ன பண்றாருன்னு கேளுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன கலர்?"

"வெள்ளை," என்றான் கன்ஜி.

"ஃபேன நிறுத்திட்டீங்களா?"

கன்ஜி சுமியேயைப் பார்த்தான்.

"தூசு விழும்னு?"

கன்ஜி தலையை ஆட்டினான்.

"எங்கப்பாவும் இதே கேஸ்தான்," என்றார் டாக்டர். "எங்கம்மா கடைசியில குளியலறைக் கதவையே கழட்டிட்டாங்க."

தின்னரைத் தொடவே கூடாது, கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம், நடுக்கம் அதனால்தானா என்று அப்போது தெரியும் என்று அனுப்பிவிட்டார்.*

நான் லாரியிலிருந்து பார்க்கிறேன். வாசலில் சுமியே வருகிறாள். முகத்தைக் கைக்குட்டையால் பொத்தியிருக்கிறாள், தோள்கள் குலுங்குகின்றன. பின்னால் தலைகுனிந்து கன்ஜி. முடிவு அ என் தலைக்குள் தானாகவே எழுதிக்கொண்டது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறாள். இது கதைகளில் வரும் மலிவான ஏமாற்று என்று எனக்குத் தெரியும். நடந்ததை நான் என்ன செய்ய?

"கப்பலுக்குள்ள காத்துக் குழாய் இல்லாம போக மாட்டாராம்," என்று லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "துரை, வீட்டுக் குளியலறையில மட்டும் காத்தே இல்லாம இருப்பாராம்!"

"ஏறு, ஏறு," என்றான் கன்ஜி. காது வரை சிவந்திருந்தது.

* எல்லாக் கை நடுக்கமும் இப்படிப் போய்விடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் அண்ணனுக்குப் போகவில்லை.

8

குளிர்காலம் முடிந்து பிளம் பூத்து உதிர்ந்தபோது கிண்ணத்தில் தேநீர் தளும்பாமல் நின்றது. டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, இனி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. காற்றில் தூசு தாராளமாக வந்துகொண்டிருந்தது. கன்ஜி பிளக் வயரை எடுத்தான். முதல் துளை. போனது. இரண்டாவது. போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததில் இடுப்பு வலிக்கவில்லை என்பதே பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாவது வயர் உள்ளே போனதும் அவன் கையை விரித்து மேசை மேல் வைத்தான். கை சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் ஒரு கையை அவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குளியலறையிலிருந்து சுமியேயின் குரல்: "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது!"

"நா இப்போதைக்கு வர மாட்டேன். தண்ணி நல்லா சூடா இருக்கு."

அப்போதுதான் கேட்டேன். "சரிடா. கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடி?"

"நீ சாகப்போறேன்னு நெனச்சுக் குடுத்தது. நீதான் சாகலையே."

கன்ஜி காரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். "பேத்தெடுத்தா பெயிண்ட் போயிடும்."

"கோணலா இருக்கு. எப்படியும் எடுத்துத்தான் ஒட்டணும்."

"இது அப்படியேதான் இருக்கும்," என்றான். "நடுங்குன கையால வெச்சது. இத எடுக்க மாட்டேன். அந்தத் தொலஞ்சத கண்டுபிடிச்சுத் தர்றேன்."

சங்கத்தின் மே மாதக் கண்காட்சியில் காரை அந்தக் கோணல் கண்ணாடியோடுதான் வைத்தான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சுட்டிக் காட்டினார்கள். அவன் எதையும் விளக்கவில்லை.

9

அறுத்த பையை ஒட்ட முடியாது. அதனால் நானும் என் பெட்டியைச் செய்ய ஆரம்பித்துவிட்டேன். சட்டகம் முடிந்துவிட்டது. முன்சக்கரத்தில் ஏற்கெனவே இரண்டு தப்பு. இடுப்பு வலித்தால் படுத்துக்கொள்கிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது.

தொலைந்த கண்ணாடி அந்த வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது. பாய் இடுக்கிலா, சுமியேயின் தையல் பெட்டியிலா, கன்ஜியின் சட்டை மடிப்போடு வெளியே போய் வாய்க்காலில் விழுந்ததா, எனக்குத் தெரியாது. கண்டெடுக்கும் காட்சி ஒன்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எங்கே வேண்டுமோ அங்கே கண்டெடுத்துக்கொள்ளுங்கள், கதை தாங்கும். என் மேசையில் இருக்கும் கார் தாங்காது. அதற்கு நிஜமான ஒன்று வேண்டும்.

எனவே கணக்கை மட்டும் எழுதி வைக்கிறேன். ஷிரதோரி கன்ஜி மகிதாவுக்குத் தர வேண்டியது: வலது பக்கக் கண்ணாடி, ஒன்று.