கேட் வரைக்கும்

என் அப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது ஒரு தண்டனை. முப்பத்தொரு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்தது. என் காரில் அது கிடையாது என்பது அவர் காலுக்கு இன்னும் புரியவில்லை. நான் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை ஓங்கி மிதிப்பார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். போனிலேயே பேசி அப்பா வாங்கிவிட்ட ஒரு பழைய காரை எடுத்துவரத்தான் இந்தப் பயணம். அதற்கு ஐம்பத்தெட்டு வயது, என்னைவிடப் பதினேழு வயது மூத்தது. அதே மாடலில்தான் அவர் லைசென்ஸ் டெஸ்ட் ஓட்டித் தேறினாராம். போகும்போது நான் ஓட்ட வேண்டும். வரும்போது அவர் பழைய காரில் முன்னால், நான் என் காரில் பின்னால். எனக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் வேலை. வருடம் முழுக்க ஊரார் கத்துவதைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் லீவு போட்டு அப்பா கத்துவதைக் கேட்கக் கிளம்பியிருந்தேன்.

"செகண்டுக்கு வா. இன்ஜின் அழுவுது பாரு."

"அப்பா, இது ஆட்டோமேட்டிக். அதுவே மாத்திக்கும்."

"அப்ப அதுக்காவது தெரியணும்."

போனில் மேப் போட்டேன். அதை அணைக்கச் சொன்னார். போர்டு பார்த்து அவரே வழி சொல்வாராம். சொன்னார். இரண்டு இடத்தில் திருப்பத்தை விட்டோம். இரண்டாவது இடத்தில் இருந்தது வீட்டுச் சுவர் அளவு போர்டு. அப்பா நேராக அதைப் பார்த்துக்கொண்டே, "நேரா போ" என்றார்.

"அவ்வளவு பெரிய போர்டு கண்ணுல படலையா?"

"நீ பேசிக்கிட்டே வந்தா எப்படிப் படும்?"

பேசிக்கொண்டே வந்தவர் அவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தெட்டு கிலோமீட்டர் திரும்பி வந்தேன். தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மனிதருக்குப் பிறவியிலேயே இல்லை என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

காரை விற்றவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வீட்டுக்குப் பின்னால் ஷெட். அங்கிருந்து கேட் வரைக்கும் ஐம்பதடிப் பாதை, நடுவில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் சிமெண்ட் பூந்தொட்டிகள். கார் வெளிர்பச்சை. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. டாக்டர் பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்வதுபோல பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்பா பார்க்கவில்லை. காதைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார்.

பிறகு தன் பையிலிருந்து இரண்டு எல் போர்டுகளை எடுத்தார். ஸ்கூலில் கற்றுக்கொள்பவர்களுக்காகக் கட்டுகிற அதே போர்டு.

"யாரு சார் கத்துக்கப் போறாங்க?" என்று டாக்டர் சிரித்தார்.

"இருக்கட்டுமே. ரோட்ல மத்தவங்க கொஞ்சம் ஒதுங்கிப் போவாங்க."

குனிந்து, பம்பரைத் தடவித் தடவிக் கம்பியை முறுக்கினார். எழுந்து இரண்டடி பின்னால் வந்து, "நேரா இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

போர்டு தலைகீழாகத் தொங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

காலையில் விட்ட வீட்டுச் சுவர் அளவு போர்டு நினைவுக்கு வந்தது. "எவ்வளவு நாளாப்பா?"

"எது?"

"அப்பா."

கையில் மீந்திருந்த கம்பித் துண்டைத் திருகினார். "நடுவுல மட்டும்தாம்மா தெரியல. ஓரமெல்லாம் நல்லா இருக்கு. எட்டு மாசமா."

எட்டு மாதத்துக்கு முன்தான் முழங்கால் வலி என்று சொல்லி ஸ்கூலை மூடினார். நான் தைலம் வாங்கிவந்து தேய்த்தும்விட்டேன். நோயில்லாத காலை நீட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல" என்றவர் இவர்.

"கண் டாக்டர் என்ன சொன்னாரு?"

"இனிமே சரியாகாது, வண்டிய தொடக் கூடாதுன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இதை வாங்க விட்டிருப்பியா?"

பல் டாக்டர் நாகரிகமானவர். கேட்டைத் திறந்து வைப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கை நீட்டினேன். "சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன். என் கார் இங்கயே கிடக்கட்டும், அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

அவர் சாவியை இறுக மூடிக்கொண்டார். "கேட் வரைக்கும்."

"முடியாது."

"கேட் வரைக்கும்மா. அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல ஸ்டீரிங்க தொட மாட்டேன்."

அப்பா உத்தரவு போட்டுத்தான் எனக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் அழுகை முட்டியது.

"தொட்டி இருக்கு, வளைவு இருக்கு. எப்படி வருவீங்க?"

"நீ முன்னால நட. பேசிக்கிட்டே நட. குரலப் புடிச்சிட்டு வந்துடுவேன்."

"என்ன பேசறது?"

"உனக்கா பேச விஷயம் இல்ல?"

முதல் கியரில் கார் ஊர்ந்தது. நான் அதைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தேன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. கத்த எனக்குச் சிரமம் இல்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தேன். வீட்டுச் சுவர் அளவு போர்டில் ஆரம்பித்தேன். முழங்காலுக்கு வந்தேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தினமும் மெயின் ரோட்டைத் தாண்டிப் பால் வாங்கப் போனதைக் கேட்டேன். "ஊரே உங்ககிட்ட வண்டி கத்துக்கிச்சு. நான் வேற ஸ்கூல்ல போய்ச் சேந்தேன். ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" வளைவில் நான் இடது பக்கம் நகர்ந்தேன். காரும் நகர்ந்தது. தொட்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடாத மனிதர், ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்பா" என்றபோது அழுதுவிட்டேன். குரல் வரவில்லை. கார் அந்த இடத்திலேயே நின்றது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பேசும்மா."

மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. கேட் வந்ததும் "நில்லுங்க" என்றேன். நின்றார்.

இன்ஜினை அணைத்தார். கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, பானெட்டைத் தடவிக்கொண்டே வந்து என் கையைத் தேடிப் பிடித்துச் சாவியை வைத்தார்.

"திட்டி முடிஞ்சுதா?"

"இன்னும் நிறைய இருக்கு."

"அஞ்சு மணி நேரம் ஆகும் வீடு போய்ச் சேர. சொல்லு" என்றவர், பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.