வலது கண்ணுக்கு வரிக் கழிவு

சாமையில் கிடக்கிற கல் தெரியாத அளவுக்கு வலது கண்ணில் புரை முற்றியும், என் அப்பா தங்கவேல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. எங்கள் மலையில் பெண்ணைப் பெற்றவர்தான் மாப்பிள்ளை வீட்டாரிடம் பரியப் பணம் வாங்குவார். "பரியம் வாங்கினுதான் உன்னக் குடுத்தேன். அதுக்கு மேல அந்த வூட்டுக் காசு எனக்கு இன்னாத்துக்கு?" இது நான் டீச்சர் வேலை பார்த்துச் சம்பாதிக்கிற காசு என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது. அப்படியொரு வீம்பு.

கடைசியில் வருமான வரிதான் கைகொடுத்தது. காப்பீடு இல்லாத, அறுபது தாண்டிய பெற்றோருக்கு வைத்தியம் பார்த்தால் அந்தச் செலவைச் சம்பளத்தில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. ரொக்கமாகக் கட்டினால் மட்டும் செல்லாது. போன வருஷம் என் சம்பளத்தில் வரி பிடித்திருந்தார்கள். அதைச் சொன்னதும் அப்பா யோசித்தார்.

"அப்போ என் கண்ணால உனக்கு லாபம்ன்ற?"

"ஆமாப்பா."

"அப்டின்னா சரி."

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் அவரே முந்திக்கொண்டு, "காசா வாங்கிடாதீங்க, வரிக் கொறப்பு போயிடும்" என்றார். மலை ஏறுகிற பஸ்ஸில், பச்சைத் துணி கட்டிய கண்ணோடு, கண்டக்டர் வரைக்கும் இதே பேச்சு.

பிப்ரவரியில் பில்லை நீட்டினேன். பள்ளி கிளார்க் ஈஸ்வரி வரிக் கணக்குத் தாளைக் கையில் கொடுத்துச் சிரித்துவிட்டாள். "இந்த வருஷம் புது முறைங்க மேடம். உங்க சம்பளத்துக்கு வரியே வராது. இல்லாத வரியில எதக் கழிக்கிறது?" நல்ல சேதிதான். ஆனால் இடது கண் இன்னும் பாக்கி இருந்தது. அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்துவிட்டார். "அந்தக் கணக்குப் பேப்பர எடு. எவ்ளோ கொறச்சாங்கன்னு பாக்கணும்."

"இங்கிலீஷுல இருக்குதுப்பா."

"நம்பரு தெரியும் எனக்கு."

வெயிலில் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"முட்டை போட்டிருக்குது. வரியே இல்லன்னா இன்னாத்தக் கொறச்சாங்க?"

புதுக் கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு உன்னிப்பாக என்னைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

"எடது கண்ணு எப்பம்மா?" என்றார்.

பதிலுக்குக் காத்திராமல் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சரிவில் மேய்கிற ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.