மாத்தி வை

காலையிலிருந்து சுபாஷிணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றைத் தட்டிக்கொட்டி அமைத்த மீன் ஆய்வுக்கூடம். அங்கே அவள் ஆராய்ச்சி மாணவி. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஆறிப்போன சாயாவை மறுபடி ஆற்றினாள்.

எல்லாம் ஒரு மீனால். ஆழ்கடல் வலையில் வந்த கறுப்பு மீன், வயிற்றில் வரிசையாக விளக்குப் புள்ளிகள். பார்த்தவுடன் லாந்தர்மீன் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் உடம்பு ஏமாற்றும். தாய்வழியாக இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு அத்தனை சுலபமாக ஏமாற்றாது. அதை முழுசாக வாசித்த கம்ப்யூட்டர், மீனைக் கொண்டுபோய் விலாங்குக் கூட்டத்தில் உட்கார வைத்தது. லாந்தர் உடம்பு, விலாங்கு வம்சம்! புதுக் குடும்பமே கிடைத்துவிட்டதென்று வழிகாட்டி மஞ்சுஷா மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. சுபாஷிணியின் பெயரோடு அதை அறிவிக்க, இன்று ஆலுவாவில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார்.

அவர் கிளம்பிய பிறகுதான் இன்னொரு முடிவு வந்தது. கூடவே அனுப்பிய சாதாரண விலாங்கு, லாந்தர்மீன்களுக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒன்று இடம் தப்பினால் அதிசயம். இரண்டும் தப்பினால் ஆள்மாறாட்டம். எழுந்து உள்ளே போனாள்.

கழுவுதொட்டியருகே முப்பிடாதி நின்றாள். சங்கரன்கோவிலிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள், இன்னும் நிரந்தரமாகவில்லை.

"முப்பிடாதி, அன்னைக்கு அந்த மீன்சதைக் குப்பி ரெண்டையும் என்ன செய்தே?"

"நீங்கதானக்கா 'ரெண்டையும் மாத்தி வை'ன்னுட்டுப் போனிய. இத அங்கயும் அத இங்கயும் மாத்தி வச்சேன். எதுக்குன்னுதான் வெளங்கல."

அடக் கடவுளே! கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் சுபாஷிணியுடையது. அவள் வீட்டில் 'மாத்தி வை' என்றால் மலையாளத்தைப் போல ஒதுக்கி வை என்றுதான் அர்த்தம். சங்கரன்கோவிலில் அதற்கு இடம் மாற்று என்று அர்த்தம். குப்பியில் பெயர் எழுதாமல் குப்பிகளைச் செருகும் தட்டின் குழிக்கு நேரே மட்டும் எழுதிவைத்த சோம்பேறித்தனமும் சுபாஷிணியுடையதேதான்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றத்தானே செய்யும். போனை எடுத்தாள்.

"எந்தா சுபா? வேகம் பறை. மேடையில கேறப் போறேன்." மேடம் அவசரப்படுத்தினார்.

"சொல்லாதீங்க மேடம். குப்பி மாறிப்போச்சு. அது வெறும் லாந்தர்மீன்தான்."

"ஆரு மாத்தினது? அந்தப் புதிய பெண்ணா?"

முப்பிடாதி ஈரக் கையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம். மாத்தச் சொன்னது நான்."

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. யாரோ மேடத்தின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கூடவே சுபாஷிணியின் பெயரையும் சொன்னார்கள். அரங்கம் கைதட்டியது. அது அடங்கும்வரை காத்திருந்து, மேடம் ஒலிபெருக்கியில் சொன்னார்:

"க்ஷமிக்கணும். இன்னைக்கு எங்களுக்குப் பறைய ஒண்ணும் இல்ல."