பாலை மரத்தடி இலுக்கு

இலுக்குப் புல்லுக்கு நெருப்பு வைக்கிறவனைப் போல ஒரு மடையன் உலகத்தில் இல்லை என்பது றஞ்சிதாவின் முடிவு. அந்த மடையன் அவள் புருஷனின் தம்பி சுபாகரன்.

கோடையில் இலுக்கு மேலே காய்ந்து செத்ததுபோல் கிடக்கும். கொளுத்தினால் நிமிஷத்தில் சாம்பல்; பார்க்கிறவனுக்குச் சந்தோஷம். மண்ணுக்கடியில் ஓடுகிற வெள்ளை வேருக்கு ஒரு மண்ணும் ஆகாது. முதல் மழை விழுந்ததும் கணுவுக்குக் கணு ஊசிக் குருத்து விட்டு முன்னைவிட நெருக்கமாய் எழும்பும். வெட்டிக் கிளறி, வேரைப் பொறுக்கி வெயிலில் போட்டால்தான் சாகும். வாகரைப் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

சுபாகரனுக்கும் தெரியும். ஆனாலும் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு கோடையும் கொளுத்தினானே தவிர, மண்வெட்டியைத் தொடவில்லை. கேட்டால் மிதிவெடி என்பான்.

கடற்கரை வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு அவர்களுக்கு மிஞ்சியது காடு வெட்டித் திருத்திய இந்தச் சேனைக் காணி மட்டும்தான். ஷெல்லடியில் அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊராரோடு ஓடிய அன்று, மாட்டை அவிழ்த்துவிடப் பின்தங்கிய அவள் புருஷன் வினாயகமூர்த்தி வந்து சேரவில்லை; தேடித் திரும்பிப் போன சுபாகரனும் ஆளைக் காணவில்லை என்றுதான் வந்து சொன்னான். யுத்தம் முடிந்தது என்று றேடியோ சொன்ன பிறகும் அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு கச்சேரி, பொலிஸ் என்று கந்தோர் கந்தோராக அலைந்தாள். இந்த மாரிக்குச் சோளம் போடாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

வெடி அகற்றுகிறவர்கள் வந்து காணியைச் சோதித்து, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் சுபாகரன் நெருப்புப்பெட்டியோடு வந்து நின்றபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொளுத்திக் கொளுத்தி நீதான்டா இத வளக்கிறாய். தள்ளு அங்கால!"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாலை மரத்தடிக்குப் போனாள். அங்கேதான் புல் ஆளுயரம் நின்றது.

"அதில வேணாம் மச்சாள். மத்தப் பக்கம் வெட்டுங்க."

"ஏன், அதில மட்டும் வெடி முளைக்குதோ?"

ஓங்கினாள். அவன் ஓடிவந்து பிடியை இறுக்கிப் பிடித்தான்.

"அண்ணன் கிடக்கார்."

அவள் கை அப்படியே நின்றது.

"ஷெல் விழுந்து அண்டைக்கே முடிஞ்சிது. நான்தான் இதில கிடங்கு வெட்டித் தாட்டன். சொன்னா நீங்க இந்த இடத்த விட்டு அசைஞ்சிருக்க மாட்டீங்க. கைக்குழந்தை வேற. பிறகு... சொல்ல வாய் வரல்ல."

ஓங்கி அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. மறுபடியும் அறைந்தாள்.

"ஒவ்வொரு கந்தோரிலயும் நான் படத்த நீட்டக்குள்ள பக்கத்தில நிண்டாயேடா! நான் பொட்டு வைக்கிறதப் பாத்துக்கொண்டு, எண்ட கையால சோறு வாங்கித் திண்டாயேடா!"

அழுகை வரும் என்றுதான் அவளும் நினைத்தாள்; வந்தது ஆத்திரம்தான். மண்வெட்டியை எறிந்துவிட்டு மண்டியிட்டு இலுக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தாள் உள்ளங்கையைக் கிழித்தது. புல் பாதியில் அறுந்து வந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? இரி. கையால தோண்டு, மெல்லமாத் தோண்டு. அவருக்கு மேல ஒரு வேரும் மிஞ்சக்கூடா. அது முடியிற வரைக்கும் எண்ட கண்ணுக்கு முன்னால இரி. பிறகு இராத."