அமாவாசைக்கு ஏரி

காலண்டரில் அந்தக் கருப்பு வட்டம் கண்ணில் பட்டபோது சுகாசினியின் கையில் ஸ்வெட்டர் இருந்தது. மெரூன் கலர், முழங்கையில் ஒரு இடத்தில் நூல் விட்டது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே எடுத்திருந்தாள். பாச்சை உருண்டை நாற்றம் போக வெயிலில் போட்டு, தட்டி, மடித்து, பையில் வைக்கப் போகிற வழியில் கிளம்ப இன்னும் எத்தனை நாள் என்று பார்ப்போமே என்கிற ஆசையில் காலண்டர் முன்னால் நின்றாள். விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனவள் பதினாறாம் தேதியில் நின்றுவிட்டாள். அந்தக் கட்டத்தின் மூலையில் மை நிரப்பிய குட்டி வட்டம் ஒன்று இருந்தது. அமாவாசை.

"அடப்பாவி மனுசா" என்றாள். தறிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

புருஷன் சாமுவேல் கூடத்துத் தறியில் இருந்தார். முசரவாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குக் கூடம் என்று பெயரே தவிர, பாதி இடம் தறிக்குத்தான். மீதியில் டிவி, பீரோ, மேரி கியூரி மாதிரி ஆகப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி மகள் சிம்ரன் பள்ளிக்கூடத்தில் வாங்கின கோப்பைகள், இயேசு படம். அவர் தறிக் குழியில் கால்களை விட்டுக்கொண்டு, அரக்கு உடம்பும் பச்சைக் கரையுமாக ஒரு முகூர்த்தப் புடவையை நெய்துகொண்டிருந்தார். மே மாசக் கடைசிக்குள் முதலாளி கடைக்குப் போயாக வேண்டிய புடவை.

கொடைக்கானல் போகிற பேச்சு ஈஸ்டருக்குப் பிறகு ஆரம்பித்தது. சிம்ரன் நர்ஸ். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்து, ஜூன் முதல் வாரத்தில் விமானம். போனால் ரெண்டு வருஷம் வர முடியாது. வந்தால் கல்யாணம். அப்புறம் நாலு பேரும் நாலு பேராக ஓரிடத்தில் இருப்பது இனி நடக்கிற காரியமா? அவள்தான் போனில், "ம்மா, நாம ஒரு தடவைகூட எங்கியும் போனதே இல்லல்ல?" என்று ஆரம்பித்தாள். வேளாங்கண்ணிக்குப் போனதெல்லாம் கணக்கில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் ஒரு குரூப் முளைத்தது. ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிஃப்டு பார்க்கும் மூத்தவன் அருள் ஏரிப் படங்களாக அனுப்பித் தள்ளினான். மிதிக்கிற படகா, துடுப்புப் படகா என்று அண்ணனும் தங்கையும் ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். ஏரியைச் சுற்றி வர அஞ்சு கிலோமீட்டர் என்றதும், அப்பாவின் முட்டிக்கு அது ஆகாது, சைக்கிள் எடுக்கலாம் என்றாள் சிம்ரன். "நா இன்னா கெழவனா? நடப்பேன்" என்று சாமுவேல் குரல் செய்தி அனுப்பினார். அதிலும் பின்னணியில் தறிச் சத்தம். புளிச்சோறு எத்தனை வேளைக்குக் கட்டுவது, குளிருக்கு யாரிடம் ஜெர்க்கின் இரவல் வாங்குவது, எல்லாமே பேசி முடித்தாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் சுகாசினி கேட்டது ஒன்றே ஒன்று. பௌர்ணமியாகப் பார்த்துப் போக வேண்டும்.

ஏன் பௌர்ணமி என்று பிள்ளைகள் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டிய கதை அது. கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் கொடைக்கானல் போனார்கள். அன்றைக்கு அமாவாசை. ஏரி எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு இருட்டு. அப்போது அப்பா சொன்னார், அடுத்த தடவை பௌர்ணமிக்கு வருவோம், தண்ணி முழுக்க ஜரிகையாட்டம் இருக்குமாம் என்று. அந்த அடுத்த தடவை வரவே இல்லை. கரண்டு போன ராத்திரிகளில், மொட்டை மாடியில் பிள்ளைகளைப் படுக்கவைத்துக்கொண்டு நிலாவைக் காட்டி, "இது அங்கே எப்டி இருக்கும் தெரியுமா?" என்று பார்க்காத ஏரியை அவள் அத்தனை அழகாகச் சொல்வாள். அப்போது அவளுக்கு வயது முப்பதுகூட இல்லை. அந்த மாடியும் அந்தப் பிள்ளைகளின் எண்ணெய்த் தலை வாசமும் இப்போது நினைத்தாலும் அவளுக்கு அப்படியே வந்து நிற்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பட்டு நெய்கிற ஊர்களில் தறிக்கு லீவு என்றால் அமாவாசைதான். யார் வைத்த வழக்கமோ, அன்றைக்கு எந்தத் தறியும் ஓடாது, முதலாளி வீட்டிலும் இழை கொடுக்க மாட்டார்கள். ஊர் உலகத்தில் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்றால் அபூர்வம் என்று அர்த்தம். இங்கே கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்கிக்கொள்வது, சொந்தக்காரரோடு சண்டை போடப் போவது எல்லாமே அமாவாசைக்குத்தான். சாமுவேல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, கறி வேகிற நேரத்துக்குள் நாலு விரற்கடை நெய்துவிடுகிற மனிதர். ஆனால் அமாவாசையில் தறியைத் தொடமாட்டார். "வேதக்காரனுக்கு இன்னாப்பா அமாவாசை?" என்று சர்ச் ஐயரே ஒருமுறை கேட்டுவிட்டார். "அது தறிக்கு ஐயரே, எனக்கில்ல" என்றார் இவர்.

அதனால் நடந்தது இதுதான். "ப்பா, உனக்கு எந்த தேதி தோதுப்படும்னு சொல்லு, நான் ரூம் போட்றேன்" என்று சிம்ரன் கேட்டிருக்கிறாள். அவர் எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்து, "பதினாறு" என்று சொல்லியிருக்கிறார். லீவு என்று நினைத்தால் அவர் கண் தானாகப் போய் நிற்கிற இடம் அந்தக் கருப்பு வட்டம். செக்கு மாட்டுக்கு வழி சொல்ல வேண்டுமா? சிம்ரன் ரூம் போட்டுவிட்டாள், அருள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். அவள் மட்டும் என்ன, பதினாறு என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டு ஸ்வெட்டர் தேடப் போய்விட்டாள். தறி வீட்டில் இருக்கிற ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

சுகாசினி தறிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சாதாரண நாளில் அவள் புருஷனுக்கு 'நீங்க' போடுவாள். கோபம் வந்தால் அது 'நீ' ஆகிவிடும்.

"பதினாறாந்தேதி இன்னா நாளு தெரியுமாயா உனக்கு?"

ஊடு இழை போடுகிற நாடா ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து நின்றது. சாமுவேல் நிமிர்ந்து பார்த்தார். 'யா'வைக் கேட்டதும் விஷயம் பெரிசு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சனிக்கெழம."

"அமாவாச."

அவர் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். அங்கிருந்து தெரியாது என்றாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"இருவத்தெட்டு வருசமா ஒன்னே ஒன்னு கேட்டுக்கினு கீறேன். எல்லாத்தையும் அந்தத் தறிதான் முடிவு பண்ணுது. நா சோறு எப்ப துன்றதுன்னு அது சொல்லுது. புள்ள எப்ப பெத்துக்கறதுன்னுதான் அது சொல்லல. ஏரிக்கு எப்ப போறதுன்னும் அதுவே சொல்லிச்சா?"

"வேணும்னு சொல்லல சுகா. பழக்கத்துல வாயில வந்துடுச்சு."

"அதான் சொல்றேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நிலாவா பெரிசு? நிலா மாடிக்குப் போனாலும் இருக்கும். சொன்ன வாக்கு ஒன்று அவர் நினைவில் இல்லாமலே போய்விட்டதே என்பதுதான் அவளுக்கு உள்ளே அறுத்தது. தான் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவர் எங்கேயோ கை தவறிப் போட்டுவிட்டார், போட்டதுகூடத் தெரியவில்லை.

கூடத்தில் தறி திரும்ப ஓடும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஓடவில்லை.

சாயங்காலம் சிம்ரன் வீடியோ காலில் வந்தாள். அருள் ஷிஃப்டு முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் செய்தி கேட்டுச் சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கினான். போனை வாங்கித் தறி மேடையில் சாய்த்து வைத்தான். சாமுவேல் குழியிலேதான் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏறியவர், பிறகு போய் உட்கார்ந்து, ஒரு இழைகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ம்மா, சாரிம்மா. எனக்கும் ஸ்ட்ரைக் ஆகலம்மா" என்றாள் சிம்ரன். "நான் பாத்துட்டேன். பௌர்ணமி முப்பத்தொன்னு வருது. ஃப்ளைட்டுக்கு மூணு நாள் முன்னாடி. கொஞ்சம் டைட்டுதான், ஆனா போய்ட்டு வந்துடலாம். ரூம்காரன் மாத்தித் தரேன்றான். ஆனா அப்பாக்குதான் அந்தப் பொடவ கீது."

எல்லோரும் சாமுவேலைப் பார்த்தார்கள். புடவை அந்த வாரம்தான் முடியும். நடுவில் மூணு நாள் நிறுத்தினால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேராது. முதலாளி அடுத்த புடவைக்குப் பாவு நூல் கொடுப்பாரா என்பதே சந்தேகம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தகப்பன் செத்து மூணாம் நாள் தறியில் இறங்கியவர் சாமுவேல். அருள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சட்டையெல்லாம் பட்டுத் தும்பு.

"மாத்திடு சிம்மு" என்றார் சாமுவேல். "பௌர்ணமிக்கே போடு."

"ப்பா, பொடவ?"

"கெடந்தா கெடக்கட்டும். மொதலாளி கைல நா பேசிக்கறேன்." பிறகு யாரையும் பார்க்காமல், "ஒரு பௌர்ணமிக்குத் தறி நின்னா உலகம் அழிஞ்சிடாது" என்றார்.

சுகாசினி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இதைத்தான் அவள் கேட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. காலையிலிருந்து கட்டிக்காத்த கோபம் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. அந்த மனிதரைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்து, தோள் ஒரு பக்கம் சரிந்து, குழிக்குள் பாதி உடம்போடு, தப்புச் செய்த பையனாட்டம் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடு, பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் அவள் எப்போதுமே விட்டுவிடுகிற இடம் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து ஏழு மணி இருக்கும். ஏரி ஓரத்து விளக்குகள் கரண்டு இல்லாமல் கிடந்தன. பனி வேறு. கல்யாணமாகி நாலு மாசம். ஊரில் பஸ்ஸில் போனாலும் ஒரு சீட்டு தள்ளி உட்காருகிற புருஷன், தெருவில் நடந்தால் பத்தடி முன்னால் போகிற புருஷன். அந்த இருட்டில் அவளுக்குக் கல் தடுக்கியது. சட்டென்று ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. பிடித்தது விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்ன முதல் காதல் வசனம் இது: "கை இன்னா இப்டி சொரசொரன்னு கீது? பட்டுல பட்டா இழைய இழுத்துடுமே." மாகறலில் களை எடுத்து, கடலை பிடுங்கி வளர்ந்த கை அது, சொரசொரவென்று இல்லாமல் எப்படி இருக்கும்? ரோஷத்தில் கையை உருவப் பார்த்தாள். அவர் இன்னும் இறுக்கினார். ஏரியின் அந்தப் பக்கம் வரைக்கும், எதிரில் யார் வந்தாலும் தெரியாத அந்த இருட்டில், அப்படியே நடந்தார்கள். ஒரு டீக்கடையின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெரிந்ததும் கையை விட்டுவிட்டார். விட்ட கூச்சத்துக்குத்தான், எதையாவது பேச வேண்டுமே என்று, பௌர்ணமி, ஜரிகை என்றெல்லாம் சொன்னார்.

நிலா இருந்திருந்தால் அந்தக் கை வந்திருக்காது. இத்தனை வருஷம் இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ம்மா, லைன்ல கீறியா?" என்றது போன். "மாத்திடட்டுமா?"

சாமுவேல் குழியிலிருந்து ஏறப் பார்த்தார். முட்டி மடங்க மறுத்தது. ஒரு கையை மேடையில் ஊன்றி இன்னொரு கையை, தினமும் நீட்டுகிற மாதிரி, அவள் இருக்கும் திசையில் நீட்டினார். அருள் குனிந்தான். அதற்குள் சுகாசினி வந்து பிடித்துவிட்டாள். தினமும் பிடிக்கிற கைதான். ஏறியதும் விட்டுவிடுவாள், அடுப்பில் ஏதாவது இருக்கும். இன்றைக்கு அவர் மேலே வந்து நின்ற பிறகும் விடவில்லை. வந்த புதிதில் தார்க் குச்சியில் பட்டு நூல் சுற்றும்போது இழை மாட்டி மாட்டி, எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, பட்டுக்காகவே அவள் பழக்கிய கை.

"இப்ப இழுக்குதா?" என்று கேட்டாள்.

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் அவர் காது மடல் ரெண்டும் சிவந்தன. பையன் நிற்கிறான், பெண் போனில் இருக்கிறாள் என்று கையை உருவப் பார்த்தார். அவள் இறுக்கினாள்.

"ம்மா? ஹலோ? பதினாறா, முப்பத்தொன்னா? சொல்லும்மா, ரூம்காரன் வெயிட் பண்ணிக்கினு கீறான்" என்று சிம்ரன் கத்திக்கொண்டிருந்தாள். தறியில் பாதி நெய்த பச்சைக் கரைமேல் சாயங்கால வெயில் விழுந்து மெதுவாக விலகிக்கொண்டிருந்தது. விளக்குப் போட அருள் சுவிட்சுப் பக்கம் போனான்.

"இருடா" என்றாள் சுகாசினி. "கொஞ்ச நேரம் கழிச்சிப் போடு."