தலை தட்டிய டம்ளர்

"ஏளா மெட்டில்டா, மக்ரூன் சரியா வரலைன்னா ஒன் தராசு கடலுக்குத்தான் போவும். நீயும் இனி என் அடுப்புக்கிட்ட வரப்படாது" என்றார் மாமி அந்தோணியம்மாள்.

"வரும், பாருங்க" என்றேன்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. மறுநாள் நாத்தனார் பிளாரன்ஸுக்குக் கல்யாணம். பலகாரப் பொறுப்பை நானாகத்தான் கேட்டு வாங்கியிருந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

சாத்தான்குளத்தில் என் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. தராசு என் சீதனத்தோடு வந்தது. திரேஸ்புரத்து மாமிக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவருக்கு ஒரு பித்தளை டம்ளர் போதும். இத்தனை முட்டை வெள்ளைக்கருவுக்கு இத்தனை டம்ளர் சீனி, இத்தனை டம்ளர் முந்திரித் தூள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் கடையில் செய்வதுபோல டம்ளரை நிரப்பி, விளிம்போடு தலை தட்டி, எடை பார்த்தேன். மீதி டம்ளர்களுக்கு அந்த எடைக் கணக்கிலேயே போட்டேன். சீனியையும் தூளையும் தனித்தனியாகத்தான் நிறுத்தேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

தணல் போட்ட தகரப் பெட்டியைத் திறந்தால், கூம்பாக நிற்க வேண்டியதெல்லாம் தட்டில் வழிந்து கிடந்தது.

"மக்ரூன் கேட்டா அப்பளமுல்லா சுட்டிருக்கா!" மாமி சிரித்தார். கூடியிருந்த பெண்களும் சிரித்தார்கள். "எடுளா அந்தத் தராச."

அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. தராசை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தரமாட்டேன். நீங்க சொன்ன கணக்குலதான் கோளாறு. இப்ப என் கண்ணு முன்னால நீங்களே அளங்க."

"யாருகிட்ட பேசுத நீ?"

"உங்ககிட்டதான் மாமி. அளங்க."

அளந்தார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. மாமி முன்னே சந்தையில் சென்னாகுன்னி, அதாவது பொடி இறால் கருவாடு, விற்றவர். டம்ளர் வாயைச் சுற்றி இடது கையை அணைகொடுத்து, அதற்கு மேலும் கோபுரமாகக் குவித்தார். வாங்க வருகிறவர்களுக்குக் கருவாட்டுப் பொடியை அள்ளிக் கொடுத்துப் பழகிய கை, சீனிக்கும் அதையே செய்தது. முட்டை எண்ணிக்கை மாறவில்லை. என் தலை தட்டிய டம்ளரில் மற்ற இரண்டும்தான் குறைந்து போயிருந்தன.

பாத்திரத்தில் கொட்டப் போனவரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இங்கன கொட்டுங்க" என்று தராசுத் தட்டை நீட்டினேன்.

முறைத்துக்கொண்டே கொட்டினார். முந்திரித் தூளையும் அப்படியே கொட்ட வைத்தேன். அந்த எடைக்குப் புதிதாக முட்டை அடித்து மறுபடி சுட்டேன். இந்தத் தடவை ஒவ்வொன்றும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மாமி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். நல்லா இருக்கு என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

மறுநாள் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "மைனி, இதுக்கு எத்தனை டம்ளர் சீனி?"

"டம்ளரா?" மாமி கொஞ்சமும் கூசவில்லை. "எங்க வீட்ல எல்லாம் கிராம் கணக்குதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவேனா?

"எத்தனை கிராமுன்னு சொல்லுங்க மாமி" என்றேன், எல்லார் முன்னாலும்.

மாமிக்கு எங்கே தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா, ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா? செஞ்சவ நீதான, நீயே சொல்லு."

பந்தியே என் பக்கம் திரும்பியது. சொன்னேன். வாசல்வரை கேட்கும்படி சொன்னேன்.